பழைய கூடாரத்தில் கட்டிய முடிச்சு

குகதாசர் இறந்தது புரட்டாதி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் மத்தியானத்தில், கையில் பியர்க் குவளையோடு, தன்னுடைய ஆத்ம சாந்திக்காகத் தானே எழுந்து நின்று குடித்த பிறகு. இறந்த பிறகும் அவர் பேச்சை நிறுத்தவில்லை என்பது எங்களில் எவரையும் திடுக்கிட வைக்கவில்லை, ஏனென்றால் உயிரோடு இருந்த காலத்திலும் அவருடைய பேச்சுக்கும் மூச்சுக்கும் பெரிய தொடர்பு எதையும் நாங்கள் கண்டதில்லை. டானூப் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் சிறிய பவேரிய நகரத்தில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் ஒரு மண்டபம் நிறைகிற அளவுக்கு உண்டு; அந்தக் குடும்பங்களின் மன்றத்துக்கு அவர்தான் கலாசாரச் செயலாளர். பொங்கலுக்குப் பானை எந்தத் திசையில் பொங்கினால் என்ன பலன், சபையில் யார் எழும்பி நின்றால் யார் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவரைக் கேட்டுத்தான் நடக்கும், கேட்காவிட்டாலும் அவர் சொல்லித்தான் நடக்கும்.

ஆண்டுதோறும் அறுவடை முடிந்ததும் எங்கள் நகரத்தின் புல்வெளியில் பெருவிழா கூடும், இரண்டு கிழமைக்கு மேல் நடக்கும். பெரிய கூடாரங்களில் ஒலிபெருக்கி அலறும், இளசுகள் நீள மர வாங்குகளின் மேல் ஏறி நின்று குடிப்பார்கள், குடித்ததைப் பின்னேரத்தில் வேலியோரம் திருப்பிக் கொடுப்பார்கள். ஆனால் மைதானத்தின் கடைசியில், மரவேலிக்கு அப்பால், பழைய கூடாரம் என்று ஒன்று உண்டு. அங்கே ஒலிபெருக்கி கிடையாது, பித்தளைக் குழல்களை மனிதர்கள் சொந்த மூச்சால் ஊதுவார்கள், பியர் கண்ணாடியில் அல்லாமல் சாம்பல்நிறச் சுடுமண் குவளையில் வரும், தோல் காற்சட்டை போட்ட ஆண்கள் தங்கள் தொடையிலும் சப்பாத்தின் அடியிலும் தாளம் தட்டி ஆடுவார்கள், பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் கதைக்கலாம். "குடிக்கிற இடத்தைக்கூட ஒரு கோயில் மாதிரி வைச்சிருக்கிறாங்கள். பண்பாடு எண்டா என்னெண்டு எங்கட சனம் வந்து பாக்கோணும்," என்று குகதாசர் மன்றக் கூட்டத்தில் பிரகடனம் செய்தார், நாங்களும் போவதென்று முடிவாயிற்று. குவளையை எப்படிப் பிடிப்பது, முட்டும்போது எதிரில் இருப்பவரின் கண்ணை எப்படிப் பார்ப்பது, எந்தப் பாட்டுக்கு எழும்புவது என்று அவர் கோடை முழுவதும் படித்தார், பெண்களின் உடுப்பைத் தவிர எல்லாவற்றையும் படித்தார். உடுப்பு பெண்களின் விஷயம், அதில் படிக்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

அவருடைய மனைவி பத்மலோஜினி முதியோர் இல்லமொன்றில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை செய்தாள். முப்பது வருடமாக ஜேர்மனியில் இருந்தும் அவள் டொச் மொழி பேசி நாங்கள் கேட்டதில்லை. பேசத் தெரியாததால் அல்ல, அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் பதில் சொல்லி முடித்திருப்பார். அவள் காரை நிறுத்தும்போது பார்த்தவர்களுக்கு அந்த வீட்டு நிலைமை விளங்கும். குகதாசர் காருக்கு முன்னால் அவளைப் பார்த்தபடி நின்று "வலது, வலது, இன்னும் வலது" என்று கையை ஆட்டுவார், அது அவருடைய வலது. எதிரே இருக்கிறவளுக்கு அது இடது என்பது அவர் கணக்கில் ஒருநாளும் வந்ததில்லை. லோஜினிக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் காட்டிய பக்கமே திருப்புவாள், சுவரில் உரசுவாள், திட்டு வாங்குவாள். அவர் பேச்சைக் கேட்டுச் சுவரில் மோதினால் திட்டு பத்து நிமிடம், கேட்காமல் ஒழுங்காகக் கொண்டுபோய் நிறுத்தினால் அது ஒரு கிழமை என்று அனுபவத்தில் கண்டிருந்தாள். அந்தக் காரின் இரண்டு பக்கமும் சொறி பிடித்த மாடு போலக் கிடந்தன.

விழாவுக்குப் போன அன்று அவர் அவளுக்கும் பவேரியப் பெண்களின் உடுப்பை வாங்கிக் கொடுத்தார்: இறுக்கிய மேற்சட்டை, அகலமான பாவாடை, அதற்கு முன்னால் ஒரு பட்டு ஏப்ரன், ஏப்ரனைக் கட்ட நீளமான நாடா. லோஜினி கண்ணாடிக்கு முன் நின்று நாடாவை இடுப்பைச் சுற்றி எடுத்து, முதுகுப் பக்கமாக ஒரு பூமுடிச்சுப் போட்டாள். எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளின் பிறந்தநாள் கவுனுக்கு முடிச்சு பின்னால்தான் வரும். தாய்மார் கட்டிவிடுவார்கள், முடிச்சின் இரண்டு காதும் சமமாக வரும்வரை இழுத்துவிடுவார்கள். குகதாசர் சுற்றி வந்து பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு. இன்னும் இறுக்கிக் கட்டும்," என்றார், அவள் இறுக்கினாள்.

அந்தக் கூடாரத்தில் முடிச்சுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கலியாணம் ஆகாதவள் தன் இடப்பக்கம் கட்ட வேண்டும், கலியாணம் ஆனவள் தன் வலப்பக்கம், புருசன் போனவள் முதுகுப் பக்கம். பெரிய கூடாரங்களில் இதை விளையாட்டாகச் செய்வார்கள். பழைய கூடாரம் எதையும் விளையாட்டாக எடுக்காது. அங்கே கட்டிய முடிச்சு சொல்வதுதான் உண்மை, உலகம் அதற்கு ஏற்றபடி கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கும்.

லோஜினி வாங்கில் இருந்ததும் பக்கத்து மேசைப் பெண்கள் அவளுடைய முதுகைப் பார்த்துவிட்டுப் பேச்சைக் குறைத்தார்கள். ஒருத்தி வந்து அவள் கையைப் பிடித்தாள், இன்னொருத்தி உப்புத் தூவிய பிரெட்செல் ரொட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள், அவளோடு இருந்த குகதாசரைத் தமையன் என்று நினைத்து அவருக்கும் தலையசைத்தார்கள். கூடாரத்தைப் பரிபாலிக்கும் சென்ஸி என்ற கிழவி எழுந்து கையை உயர்த்தினாள், குழல்கள் நின்றன, எல்லோரும் எழுந்து குவளையைத் தூக்கினார்கள். "நம்மை விட்டுப் போனவருக்காக," என்றாள் சென்ஸி. யாரோ அவர்களுடைய முன்னோருக்கு மரியாதை செய்கிறார்கள் என்று குகதாசர் பூரித்துப்போய், எல்லோருக்கும் மேலாகத் தன் குவளையை உயர்த்தி, படித்தபடியே ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்து, ஒரே மூச்சில் குடித்தார். அந்த மூச்சுதான் கடைசி.

அவர் விழவில்லை. இருந்தார், வாயைத் துடைத்தார், பியர் நெஞ்சுக்குள் இறங்காமல் நிற்கிறது என்றார், கை குளிர்கிறது என்றார். கூடாரத்தில் இருந்த வைத்தியர் காதைக் குகதாசரின் மார்பில் வைத்துப் பார்த்தார், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், பிறகு தன் தொப்பியைக் கழற்றினார். "இதயம் நின்றுவிட்டது. மற்றப் பாகங்கள் செய்வதற்கு நான் பொறுப்பில்லை," என்று சொல்லிவிட்டுத் தன் அரைக் கோழியை முடிக்கப் போனார். சென்ஸி வந்து முடிச்சைக் காட்டி மூன்று பக்கங்களின் வழக்கத்தையும் விளங்கப்படுத்தினாள். லோஜினி எதையோ கேட்க வாயெடுத்தாள்.

"நீர் சும்மா இரும். இது அவையின்ர பண்பாடு. அதில நாங்கள் கை வைக்கேலாது," என்றார் குகதாசர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஒரு மனிதர் இறந்தால் செய்யவேண்டியவை இருக்கின்றன, அவர் ஒத்துழைக்கிறாரா இல்லையா என்பது இரண்டாம் பட்சம். சவப்பெட்டிக்காரன் அளவெடுக்க வந்தான், குகதாசர் மரத்தின் தரத்தைப் பற்றி அவனோடு வாக்குவாதப்பட்டு அனுப்பிவிட்டார். அவர் வேலை செய்த தொழிற்சாலை மலர்வளையம் அனுப்பியது, அதே வண்டியில் அவருடைய அலுமாரிச் சாமான்களையும் ஒரு பையில் போட்டு அனுப்பியது. எங்கள் ஐயர் நிறைய யோசித்து, எரிக்க மறுக்கிற பிரேதத்தை வற்புறுத்த சாத்திரத்தில் இடமில்லை, ஆனால் சாவுத் தீட்டான துடக்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னார். குகதாசர் வழக்கம் போல வீட்டில் நாற்காலியில் இருந்தார், செய்தி பார்த்தார், அரசியல் பேசினார். நாங்கள் துக்கம் விசாரிக்கப் போய், அவருக்கு முன்னாலேயே லோஜினியின் கையைப் பிடித்து "நல்ல மனுசன்" என்றோம், அவர் "அது உண்மைதான்" என்றார்.

எட்டாம் நாள் எட்டுச் செலவு. செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். நண்டுக்கறி, ஆட்டிறைச்சிப் பிரட்டல், முட்டைப் பொரியல், உழுந்து வடை, ஒரு போத்தல் பியர். படையலுக்கு முன்னால் குகதாசரே வந்து இருந்துகொண்டார், சாப்பிட முடியாவிட்டாலும் மணந்து பார்த்தார், நண்டுக்கு உப்புக் காணாது என்றார். அந்தச் சபையிலேயே மன்றத் தலைவர் நவரத்தினராசா புதுக் கலாசாரச் செயலாளரைத் தெரிவுசெய்தார். குகதாசர் எழுந்து அது யாப்புக்கு முரண் என்றார், இறந்தவர்களுக்கு வாக்கு இல்லை என்று தலைவர் யாப்பிலிருந்தே எடுத்துக் காட்டினார், நாங்கள் வடை சாப்பிட்டோம். அவ்வளவு நல்ல வடையை அதற்குமுன் நாங்கள் சாப்பிட்டதில்லை.

பெண்கள் லோஜினியைத் தாலி கழற்ற அழைத்துப்போனபோது ஒருத்திக்குக் கொஞ்சம் தயக்கம் வந்தது. ஆள் இருந்து கதைக்கிறார், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே என்றாள். அந்தத் தயக்கத்தைத் தீர்த்துவைத்தவர் குகதாசர்தான்.

"நான் செத்தது செத்ததுதான். அதுக்காக முறையை விடேலுமோ? தாலியைக் கழட்டுங்கோ, பொட்டை அழியுங்கோ, நிறச்சீலை ஒண்டும் வேண்டாம். நாளைக்கு ஒருத்தரும் குகதாசன் வீட்டில பிழை நடந்தது எண்டு சொல்லக்கூடாது."

அவர் வாசலில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்ல, பெண்கள் ஒவ்வொன்றாகச் செய்தார்கள். லோஜினி அழவில்லை. செத்தவருக்கு அழ வேண்டும் என்று அவருக்கே கோபம் வந்தது, "கொஞ்சமாவது அழும்," என்றார், அப்போது அழுதாள்.

அதையும் அவள் பொறுத்தாள். பொறுக்க முடியாமல் போனது வேறு விஷயம். அவர்களுக்கு ஒரே மகள், ஆரணி. ஸ்ருட்கார்ட்டில் வேலை செய்கிறாள், தை மாதம் அவளுக்குக் கலியாணம் என்று மண்டபம் எடுத்தாயிற்று. எட்டு முடிந்த மறுநாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. தகப்பனுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறோம், கலியாணத்தைத் தள்ளவேண்டியதில்லை, ஆனால் தாயார் மணவறைப் பக்கம் வராமல், வாழ்த்தி மணமக்கள் தலையில் அறுகரிசி போடாமல், பின்வரிசையில் இருந்துகொண்டால் நல்லது என்று மிகவும் பண்பாகச் சொன்னார்கள். குகதாசர் பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, "அவையள் சொல்லுறதும் முறைதானே," என்றார். லோஜினி எழுந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, அவரிடம் சொல்லாமல், தானாகக் காரை எடுத்து, எங்கும் உரசாமல், பழைய கூடாரத்துக்குப் போனாள்.

சென்ஸி வெயிலில் இருந்து முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தாள். லோஜினி பக்கத்தில் போய் இருந்து முப்பது வருடத்து டொச்சை அன்று பேசினாள். ஆரணி பிறந்தது, ஆரணிக்குத் தட்டம்மை வந்தது, ஆரணிக்குக் கலியாணம் வருவது, மகளுக்கு ஒருபிடி அரிசி போட முடியாத கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது. சென்ஸி கத்தியைத் துடைத்து வைத்தாள்.

"உன் கையால் கட்டினாய், உன் கையால் அவிழ்க்கலாம். இந்தக் கூடாரத்துக்குள், விழாவின் கடைசி நடனம் முடிவதற்குள். வலப்பக்கம் கட்டினால் அவர் மறுபடி மூச்சு விடுவார். ஆனால் ஒரே தடவைதான் மாற்றலாம், கேட்டுக்கொள். இடப்பக்கம் போகாதே. கலியாணமே நடக்காதவளின் பக்கம் அது; நீ இடப்பக்கம் கட்டினால் கூடாரம் அதையும் அப்படியே நம்பும்."

"யாருடைய வலம்?" என்று லோஜினி கேட்டாள்.

"உன் கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். வேறு யாருடையது?"

அன்றிலிருந்து அவள் சமையலறையில், உலை கொதிக்கும்போது, ஒரு துவாயை இடுப்பில் சுற்றி வலப்பக்கம் முடிச்சுப் போட்டுப் போட்டுப் பழகினாள். கண்ணை மூடிக்கொண்டும் கட்டினாள். கரண்டி பிடிக்கிற கை, அறுகரிசி போடுகிற கை, அந்தப் பக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கடைசி ஞாயிறு பின்னேரம் நாங்கள் எல்லோரும் போனோம். இறந்தவர் எழும்புவதைப் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை. குகதாசர் தோல் காற்சட்டை போட்டு, குளிர்ந்த முழங்கால்களோடு வந்தார். எழும்பியதும் பேசவேண்டிய உரையையும் தயார் செய்திருந்தார். லோஜினி அதே உடுப்பில், ஏப்ரனை அன்று போலவே முதுகுப் பக்கம் கட்டிக்கொண்டு வந்து, தொலைபேசியை ஒரு சுடுமண் குவளையில் சாய்த்து வைத்தாள், அதில் ஆரணியின் முகம் இருந்தது. "அம்மா, பயப்பிடாதேங்கோ. மெதுவாக் கட்டுங்கோ. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்," என்றாள் பிள்ளை. குழல்கள் கடைசி நடனத்தைத் தொடங்கின. சென்ஸி வாசலில் நின்றாள். இன்னொருத்தியின் முடிச்சில் கையும் வைக்கக்கூடாது, வாயும் வைக்கக்கூடாது என்பது, கட்டுகிற நேரத்தில், அந்தக் கூடாரத்தின் சட்டம்.

லோஜினி கையைப் பின்னால் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்ந்த நேரம் குகதாசரின் முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஓடியதை நாங்கள் பார்த்தோம். அவள் நாடாவைச் சுற்றி எடுத்து வலப்பக்கம் கொண்டுவந்தாள், ஒரு சுற்றுப் போட்டாள். குகதாசர் அவளுக்கு எதிரே, கார் நிறுத்தும்போது நிற்கிற மாதிரியே, அவளைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"அங்காலை இல்லை, இஞ்சாலை. வலது, வலது," என்று தன் வலக்கையை ஆட்டினார்.

லோஜினியின் கை நின்றது. "இஞ்சேருங்கோ, இதுதான் வலது. சென்ஸி சொன்னவா."

"சென்ஸிக்கு என்ன தெரியும்? எனக்கு வலது இடது தெரியாதோ? செத்தவன் நான், எழும்பப் போறவன் நான். சொல்லுறதைச் செய்யும்."

"அப்பா, அம்மாவைக் கட்ட விடுங்கோ," என்றது குவளையில் சாய்ந்திருந்த முகம்.

லோஜினி எங்களைப் பார்த்தாள். நாங்கள் அத்தனை பேரும் அவளுக்கு எதிரேதான் நின்றோம், அவர் நின்ற பக்கத்தில், அவர் பார்த்த மாதிரியே பார்த்துக்கொண்டு. நடனமும் முடியப்போகிறது. "அவர் சொல்லுறபடி கட்டும் பிள்ளை. படிச்ச மனுசன் பிழையாச் சொல்லுவாரோ?" என்று நவரத்தினராசா சொன்னார், நாங்கள் ஆமோதித்தோம். பழகிய கை ஒரு பக்கம் இழுத்தது. முப்பது வருடம் பழகிய இன்னொன்று மறுபக்கம் இழுத்தது. அவள் சுற்றைக் கழற்றினாள், நாடாவை இடப்பக்கம் கொண்டுபோனாள், அவர் காட்டிய இடத்திலேயே, இரண்டு காதும் சமமாக, அழகாக ஒரு பூமுடிச்சுப் போட்டாள். "பாத்தீரோ, இப்ப சரி," என்றார் குகதாசர்.

அவர் கடைசியாகச் சொன்னது அதுதான் என்று லோஜினி சொல்கிறாள். அவர் நின்ற இடத்தில் மரத்தூள் தரைதான் இருந்தது. மேசையில் ஒரு குவளை இருந்தது, அதில் ஒரு தொலைபேசி சாய்ந்திருந்தது, அதன் இருண்ட கண்ணாடியில் அவளுடைய முகம் மட்டும் தெரிந்தது. அவள் அதைக் கையில் எடுத்து "ஆரணி," என்றாள். குலுக்கிப் பார்த்தாள், திரும்பவும் "ஆரணி, பிள்ளை," என்றாள்.

ஆரணி யார் என்று நாங்கள் கேட்டோம்.

நடனம் முடிந்தது, மக்கள் கைதட்டினார்கள், இடப்பக்க முடிச்சைக் கண்ட ஒரு கிழட்டுத் தச்சன் வந்து தொப்பியைக் கழற்றி அவளை அடுத்த வருட ஆட்டத்துக்கு அழைத்தான், விழாக்கடைப் பெண் ஒருத்தி கலியாணமாகாதவர்களுக்குக் கொடுக்கிற இதய வடிவ இஞ்சி ரொட்டியை அவள் கழுத்தில் மாட்டினாள். சென்ஸி மட்டும் கிட்ட வராமல், முகத்தை ஏப்ரனால் மூடிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். ஏன் என்று எங்களுக்கு அன்று விளங்கவில்லை. லோஜினி அங்கேயே அந்த முடிச்சை அவிழ்த்தாள், வலப்பக்கம் கட்டினாள், பின்னால் கட்டினாள், திரும்ப அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள், கூடாரத்தைப் பிரிக்கிறவர்கள் வந்து வாங்கைத் தூக்கும்வரை கட்டிக்கொண்டிருந்தாள். ஒரே தடவைதான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கட்டினாள்.

இவ்வளவும் அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வீடு வீடாக வந்து திரும்பத் திரும்பச் சொன்னதில், கண்ணால் கண்டவர்கள் போல நாங்களே இப்போது சொல்கிறோம். குகதாசர் என்ற பெயரும் அவள் தந்ததுதான். எங்கள் மன்றத்துக்குக் கலாசாரச் செயலாளர் ஒருவர் இருந்தாராம், எங்கள் ஏட்டில் அப்படி ஒருவரும் இல்லை. ஒரு எட்டுச் செலவில் சாப்பிட்ட உழுந்து வடையின் ருசி எல்லோருடைய நாக்கிலும் இருக்கிறது, அது யாருடைய எட்டு என்றால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒருமுறை அவள் தன் சட்டையை உயர்த்தி, வயிற்றில் பிள்ளை பெற்ற தழும்பு இருந்த இடம் என்று காட்டினாள், பெண்கள் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை, தோல் வழுவழுவென்று இருந்தது. கலியாணம் கட்டாதவளுக்கு ஏது பிள்ளை என்று நாங்கள் பக்குவமாக எடுத்துச் சொன்னோம். தனிமைதான் இப்படிச் செய்கிறது என்று அவளுக்கு ஒரு மாப்பிள்ளையும் பார்த்தோம், சுவிஸில் ஒருவர், மனைவியை இழந்தவர். அவள் சம்மதிக்கவில்லை.

தை மாதத்தில் அந்த மண்டபத்தில் வேறு யாருக்கோ கலியாணம் நடந்தது. லோஜினி அழைக்காமல் வந்தாள். சிவப்புக் கூறைப்பட்டு உடுத்து, பொட்டு வைத்து, தலைநிறையப் பூ வைத்து, நேரே போய் மணவறைக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் யாருடைய விதவையும் இல்லை, அங்கே நிற்கக்கூடாது என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அதிலிருந்து எங்கள் நகரத்தில் நடக்கிற ஒரு கலியாணத்தையும் அவள் தவறவிட்டதில்லை. சொறி பிடித்த அந்தக் காரில் வருவாள், ஒரே திருப்பில் நேராக நிறுத்துவாள், வலக்கை நிறைய அறுகரிசி அள்ளிப் பெண்ணின் தலையில் போடுவாள், போட்டுவிட்டு நகராமல் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

போன மாதம் எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கும் வந்தாள். அரிசியைப் போட்டாள், எங்கள் மகளின் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள், இது இல்லை என்பது போலக் கையை எடுத்தாள். பிறகு குனிந்து, "பிள்ளை, சாப்பிட்டனியோ?" என்று கேட்டாள். விடியப்புறம் தொடக்கம் ஒன்றும் சாப்பிடவில்லை என்று எங்கள் மகள் சொன்னாள்.